வால்டரின் மெட்டில் இரண்டாம் பாதி

மெட்டு மறுபடியும் அதே இடத்தில் நின்றுபோனது.

கிளேர் பாஞ்சோ வாத்தியத்தை மடியில் சாய்த்துவிட்டுத் தாத்தாவின் முகத்தைப் பார்த்தாள். வால்டர் ஜன்னலுக்கு வெளியே பனி அள்ளும் வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

2006 பெப்ரவரி, ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம். கிளேர் ஹலிபாக்ஸிலிருந்து வந்திருந்தாள். திங்கள் காலை டோர்வல் விமான நிலையத்தில் விமானம் ஏறவேண்டும். அதற்குள் மெட்டின் இரண்டாம் பாதி கிடைக்கவேண்டும்.

வெர்மொண்ட் எல்லைக்குப் பக்கத்தில் ஒரு பண்ணை வீட்டில், சனிக்கிழமைகளில் வால்டரின் அம்மா வாசித்த மெட்டு அது. யாரும் எழுதி வைக்கவில்லை. பதிவு செய்யவும் இல்லை.

வால்டரின் மகனுக்கு, அதாவது கிளேரின் அப்பாவுக்கு, அந்தப் பழைய இசை என்றாலே வெட்கம். மாட்டுக்கொட்டில் சத்தம் என்பார். பேத்திக்குத்தான் அதில் ஆசை பிடித்தது. பிடித்தபோது வால்டரின் ஞாபகம் கழன்றுகொண்டிருந்தது. விரல்களும் மடங்கிவிட்டன. சின்ன வயதில் அவர் வாசிக்கக் கேட்ட முதல் பாதி மட்டும் அவளிடம் இருந்தது.

செபமாலை கட்டில் விரிப்பை மாற்றிக்கொண்டிருந்தார். பியர்பொன்ட்ஸில் இருக்கும் அந்த முதியோர் இல்லத்தில் அவருக்கு ஆறு வருட வேலை. வால்டரைக் கடந்த இரண்டு வருடமாக அவர்தான் பார்க்கிறார். காலையில் எழுப்புவதிலிருந்து சேர்ட்டுக்குப் பொத்தான் பூட்டுவதுவரை.

அவர் பேசாமல் தன் வேலையைப் பார்த்துக்கொண்டு போயிருக்கலாம்.

பங்குக் கோயில் பாடகர் குழுவில் சேரப் போனபோது, “அண்ணை, நீங்கள் வாயை மட்டும் அசைச்சால் காணும்” என்று சொல்லப்பட்டவர் அவர்.

ஆனால் பாஞ்சோவோடு இருந்த பிள்ளையின் கண் கலங்கிவிட்டது.

“மிச்சம் எனக்குத் தெரியும்” என்றார் தன் ஆங்கிலத்தில்.

தலையணை உறையைக் கையில் பிடித்தபடியே பாடினார். தமிழில்.

கிளேர் முதலில் வாயைத் திறந்தபடி இருந்தாள். பிறகு அவளுடைய விரல்கள் அசைந்தன. நகத்தால் தந்திகளைக் கீழ்நோக்கித் தட்டினாள். கட்டைவிரல் குட்டைத் தந்தியைச் சுண்டியது. மெட்டு நின்றுபோகும் இடம் வந்தது. நிற்கவில்லை. இறங்கி, ஒரு சின்ன வளைவு வளைந்து, ஏறிப் போனது.

வால்டர் பனி வண்டியை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

எப்படித் தெரியும் என்று கேட்டாள். விரல் மறந்ததை வாய் மறக்கவில்லை, காலையில் அவர் முணுமுணுப்பார், கேட்டுக் கேட்டு நானே சொல் கட்டினேன் என்றார் செபமாலை. முதல் மாதம் தகரப் பேணிக்குள் கல்லைப் போட்டுக் குலுக்குவதுபோல இருந்தது என்பதைச் சொல்லவில்லை. இப்போது தன் காரிலும் அந்த மாதிரிப் பாட்டுகள்தான் ஓடுகின்றன, பிள்ளைகள் காதைப் பொத்துகிறார்கள் என்பதைச் சொன்னார்.

“சொற்களுக்கு என்ன அர்த்தம்?”

செபமாலை தலையணையை இரண்டு தடவை தட்டிச் சரிசெய்தார்.

“ஒரு ஆசீர்வாதம் மாதிரி.”

அவள் உடனே கொப்பியை எடுத்து ஒவ்வொரு சொல்லாக எழுதிக்கொண்டாள். அவருக்கு வியர்த்தது.

ஞாயிறு மத்தியானம், கிளேர் வாசிப்பதைக் கேட்கச் சாப்பாட்டு மண்டபம் நிறைந்திருந்தது. சக்கர நாற்காலிகள், குடும்பங்கள், ஈரச் சப்பாத்துகள். கிளேரின் அப்பாவும் வந்திருந்தார். கோட்டைக் கழற்றாமல் வாசலோடு நின்றார்.

கிளேர் முதல் பாதியை வாசித்தாள். கிழவர்களின் கால்கள் தாளம் போட்டன. பிரெஞ்சு மட்டுமே பேசும் ஒரு மூதாட்டி கரண்டியால் மேசையில் தட்டினார்.

இரண்டாம் பாதி வந்ததும் கிளேர் நிமிர்ந்து, தொண்டை திறந்து, தமிழில் பாடினாள். உச்சரிப்பில் ஒரு பிழையும் இல்லை.

முன்வரிசையில் வால்டர் மெல்ல வலது கையை உயர்த்தினார்.

பிறகு இடது கையை.

முகத்தை மேலே நிமிர்த்திக் கண்களை மூடினார்.

மூதாட்டி கரண்டியைக் கீழே வைத்தார். தலைமைத் தாதி கண்ணைத் துடைத்தார். அவர் ஜெபிக்கிறார் என்று யாரோ பிரெஞ்சில் சொன்னார்கள். மகன் கோட்டைக் கழற்றி எங்கேயோ போட்டுவிட்டு, வந்து அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் முழங்காலில் இருந்தார்.

தேநீர்த் தள்ளுவண்டிக்குப் பின்னால் அக்னெஸ் ஏப்ரனை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள். சமையலறையில் வேலை செய்யும் மன்னார்ப் பெண். அந்தக் கட்டடத்தில் தமிழ் தெரிந்த மற்ற ஒரே ஆள்.

“மாதாவாணை, அண்ணை, இதையோ அந்தப் பிள்ளைக்குச் சொல்லிக் குடுத்தனீங்கள்?”

“உஷ்” என்றார் செபமாலை. அவருக்கும் கண் நிறைந்திருந்தது.

செபமாலை பார்க்கத் தொடங்கிய முதல் மாரிக் குளிர் முழுக்க வால்டர் யாரையும் தன்னைக் குளிப்பாட்ட விடவில்லை. தண்ணீர்ச் சத்தம் கேட்டாலே பயந்து அலறுவார். மூன்று பேருக்கு அடித்திருக்கிறார். ஒருநாள் செபமாலை, அவர் முணுமுணுக்கும் மெட்டையே எடுத்து, வாயில் வந்த சொல்லைப் போட்டுத் திருப்பிப் பாடினார். அன்றுதான் கிழவர் அலறாமல் சவுக்காரம் போட்டுக் குளித்தார். அன்றிலிருந்து தினமும் அதே பாட்டு.

*வலக்கையைத் தூக்குங்கோ ராசா, இடக்கையைத் தூக்குங்கோ,
முகத்தை நிமித்துங்கோ ராசா, கண்ணை மூடுங்கோ,
சவுக்காரம் வருகுது, சவுக்காரம் வருகுது.*

கிளேர் அதை இரண்டாம் முறையும் பாடினாள், இன்னும் உருக்கமாக.

வால்டர் இரண்டு கைகளையும் தூக்கியபடி, சிரித்த முகத்தோடு, வெந்நீருக்காகக் காத்திருந்தார்.