பாஸ்வேர்டு மாறிப்போச்சு

ஓய்வு பெற்ற மேனேஜர் கஸ்டமர் கேர் பெண்ணோடு மல்லுக்கட்டுவது எதிர்வீடு வரை கேட்டது.

"யாரோ மெயிலை ஹேக் பண்ணி பாஸ்வேர்டை மாத்திட்டாங்கம்மா."

"உங்க மெயிலுக்கே லிங்க் அனுப்பியிருக்கோம் சார். திறந்து பாருங்க."

"அதைத் திறக்க முடியலன்னுதானேம்மா கூப்பிடறேன். ஒரு கல்யாணப் பேச்சு பாதியில நிக்குது. பையன் வீட்டுல சரின்னாங்களான்னு தெரியாம எனக்குச் சோறு இறங்கல."

"அக்கவுண்ட் உங்க பேர்லதானே சார்?"

மேனேஜர் சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"என் சம்சாரம் பேர்ல. ஆனா அவ அக்கா எழுதறதை எல்லாம் முதல்ல படிக்கறது நான்தான்."

"அதனாலதான் மாத்தினேன்," என்றது முதுகுக்குப் பின்னால் மனைவியின் குரல். "போனை வையுங்க. அக்கா பொண்ணுக்கு அந்தப் பையனே முடிவாயிடுச்சு."

மேனேஜர் போனை வைக்கவில்லை. முகமெல்லாம் பல்லாக, "பையன் வீட்டுல சரின்னுட்டாங்கம்மா," என்று முதல் வேலையாகக் கஸ்டமர் கேருக்குச் சேதி சொன்னார்.