வாயாடிக்காக இரண்டு நாள்

“ஒரு வாய் காபியாவது குடிடி. மூஞ்சியைப் பாரு, பரீட்சையில கோட்டை விட்ட பிள்ளை மாதிரி.”

டீச்சர் கோப்பையை வாயாடியின் பக்கம் நகர்த்தினாள். வாயாடி அதைத் தொடவில்லை. ஒரு பெருமூச்சு மட்டும் விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை மணி பத்து. அந்த ஊரில் பாட்டுக்கு நேரம் காலமே கிடையாது. பஸ் ஸ்டாண்டில் ஒருவர் சாக்ஸபோன் ஊதுகிறார். முடிவெட்டும் கடையில் ஒருவர் கிட்டார் மீட்டுகிறார். இவர்கள் தங்கியிருந்த ஓட்டலின் லிஃப்ட்கூட ஏறும்போது ஒரு பாட்டும் இறங்கும்போது ஒரு பாட்டும் பாடுகிறது. இப்போது மூவரும் உட்கார்ந்திருந்த சதுக்கத்திலும் ஒரு குழு வந்து மைக்கையும் டிரம்மையும் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

மூன்று பேரும் ஒரு காலத்தில் கல்லூரி விடுதியில் ஒரே அறை. ஒருத்தி பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறாள். நேற்று ஆறு மணி நேரம் காரோட்டி எல்லோரையும் இங்கே கொண்டுவந்து சேர்த்தவளும் அந்த டிரைவர்தான். வாயாடி பியூட்டி பார்லர் வைத்திருக்கிறாள். முகம் முழுக்கப் பூச்சோடு, பதில் சொல்ல வழியில்லாமல் படுத்திருப்பவர்களிடம் ஒரு மணி நேரம் விடாமல் பேசுவாள். அப்படிப்பட்டவள், ஒரே மகள் வெளிநாட்டு வேலைக்குப் போனதிலிருந்து வாயையே திறக்கவில்லை. போன் செய்தால் விசும்பல்தான். வெளியூர் போய் வரலாம் என்றால், “டீச்சர் வந்தா வர்றேன், இல்லேன்னா என்னை விட்டுடுங்க” என்று ஒற்றைக் காலில் நின்றாள்.

டீச்சருக்கோ வீட்டு வாசலைத் தாண்டுவதே பெரும்பாடு. நாலு வருஷத்துக்கு முன்னால் கணவருக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் குழறிவிட்டது. அன்றைக்கே வேலையை விட்டவள். பட்டப்பெயர் மட்டும்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இந்தத் தடவை நாத்தனார் வந்து, “ரெண்டு நாள் நான் பாத்துக்கறேன், போயிட்டு வா அண்ணி” என்றாள். தயங்கித் தயங்கிக் கணவரிடம் கேட்டபோது, அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு “போ” என்றார். அந்த ஒரு சொல் நேற்றிலிருந்து அவளை அரித்துக்கொண்டிருக்கிறது.

“மாத்திரை போட்டிருப்பாரா?” என்று டீச்சர் மறுபடியும் போனை எடுத்தாள்.

“காலையிலேருந்து இது அஞ்சாவது தடவை. உன் நாத்தனார் போனை அணைச்சு வச்சிடப் போறா,” என்றாள் டிரைவர்.

“உனக்கென்ன, வண்டியை ஓட்டியாச்சு, கடமை முடிஞ்சுதுன்னு இருப்ப. இவ நேத்துலேருந்து ஒரு தடவையாவது சிரிச்சாளா? ரெண்டு கச்சேரிக்குக் கூட்டிட்டுப் போனோம், தூண் மாதிரி உட்கார்ந்திருந்தா. அந்த மனுஷனைப் படுக்கையில விட்டுட்டு வந்திருக்கேன்டி. இவளைச் சிரிக்க வைக்காம திரும்பிப் போனா நான் எந்த முகத்தோட அவர் முன்னால நிக்கறது?”

“என்னால உனக்குத்தான் கஷ்டம்,” என்று வாயாடி கண்ணைத் துடைத்தாள். “மத்தியானமே கிளம்பிடலாம்.”

அந்த நேரம் பார்த்து, பாடுகிறவர் மைக்கில் கூப்பிட்டார். “யாராவது ஒருத்தர் வாங்க! தாளம் போட ஆள் வேணும்!”

பள்ளி ஆண்டு விழாவில் நன்றி சொல்லச் சொன்னாலே வியர்த்துக் கொட்டுகிறவள் டீச்சர். அவள் விருட்டென்று எழுந்தாள்.

“இங்க பாருடி. நீ சிரிக்கற வரைக்கும் நான் இறங்க மாட்டேன்.”

குலுக்கினால் சலசலக்கும் வளையம் ஒன்றை அவள் கையில் கொடுத்தார்கள். பாட்டு ஒரு பக்கம் போனது, டீச்சரின் கை இன்னொரு பக்கம் போனது. கையைச் சமாளிக்கப் போய்க் கால் ஆடத் தொடங்கியது. கொண்டை அவிழ்ந்தது. ஒரு செருப்பு கழன்று பறந்து டிரம் வாசிப்பவரின் மடியில் விழ, அவர் சளைக்காமல் அதை எடுத்து அதனாலேயே நாலு தட்டுத் தட்டினார். கூட்டம் கைகொட்டியது. டீச்சருக்கு வயிற்றிலிருந்து சிரிப்பு பீறிட்டு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. விலாவைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, மைக் கம்பத்தைப் பற்றிக்கொண்டு சிரித்தாள். நிமிர்ந்து பார்த்தால், மேஜையில் வாயாடியும் போனை நீட்டிப் பிடித்தபடி குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள்!

செருப்பைக் கையில் ஏந்தி, மூச்சு வாங்க ஓடிவந்தாள் டீச்சர். “சிரிச்சுட்டா! பாத்தியாடி, சிரிச்சுட்டா!”

“ஆட்டமாடி அது? கிணத்துல விழுந்தவகூட கை காலை ஒழுங்கா உதைப்பா,” என்றாள் வாயாடி. பழைய வாய் திரும்பிவிட்டது.

“வீடியோ எடுத்தியா? கொண்டா, முதல்ல அதை அழிச்சுடறேன்.”

டீச்சர் போனைப் பிடுங்கினாள். வீடியோ அதற்குள் ஒருவருக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. யாருக்கு என்று பார்த்ததும் அவள் சிரிப்பு அப்படியே நின்றது.

“அடிப்பாவி! அவருக்கா அனுப்பின? ஏற்கெனவே கோபமா இருக்கார்டி. தன்னைக் கிடத்திட்டு வந்து பொண்டாட்டி தெருவுல கூத்தடிக்கறான்னு நினைக்க மாட்டாரா?”

வாயாடி ஆறிப்போன காபியை எடுத்து உறிஞ்சினாள். டிரைவர் வேறு பக்கம் பார்த்தாள்.

குழு அடுத்த பாட்டைப் பாடி முடிக்கும்போது கையிலிருந்த போன் அதிர்ந்தது. இடது கையால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அவர் வாயாடிக்கு அனுப்பியிருந்தார்:

“நாலு வருஷம் கழிச்சு சிரிச்சுட்டா. நான் கேட்டபடியே செஞ்சு கொடுத்துட்ட, தங்கச்சி. இனிமே நீ அழுது நடிக்க வேண்டாம்.”