புழு இருக்கிற வீடு

“இன்னிக்கும் புழு கெடச்சதுன்னா, எல்லாத்தையும் வாரிக்கினு போய் கோமுகி ஆத்துல கொட்டிடுவேன். அப்பால என்னக் கேக்காத” என்றார் பச்சமுத்து.

‘எல்லாம்’ என்று அவர் கை காட்டியது கூடத்தில் இருந்த கண்ணாடித் தொட்டியை. உள்ளே மகன் இளமாறனின் கப்பி மீன்கள், தலைக்கு மேல் கத்தி தொங்குவது தெரியாமல், வாலை விரித்து உலாத்திக்கொண்டிருந்தன.

செல்போன் கடையில் வேலை பார்க்கும் இளமாறன், கள்ளக்குறிச்சி கடைவீதியில் ரெண்டே ஜோடி வாங்கி வந்து விட்டதுதான். முட்டை, அடைகாப்பு என்கிற தொல்லையெல்லாம் கப்பிக்குக் கிடையாது, நேராகக் குட்டிதான். ஒரே வருடத்தில் தொட்டி திருவிழாக் கூட்டமாகிவிட்டது. ஆண் மீன்கள் சிவப்பு, நீலம், மஞ்சள் என்று மினுக்கிக்கொண்டு திரிய, பெண் மீன்கள் மட்டும் சாம்பல் நிறத்தில் இருக்கிற இடம் தெரியாமல் இருந்தன.

அந்தச் சந்தோஷத்தில்தான் கொசுப்புழு வந்து விழுந்தது. டெங்கு தடுப்பு வேலைக்கு வீடு வீடாக வரும் அருள்மொழி, தெருவில் இந்த ஒரு வீட்டில் மட்டும் தவறாமல் புழுவைக் கண்டுபிடித்தாள். முதலில் கொல்லையில் கிடந்த டயரில், அப்புறம் பூந்தொட்டித் தட்டில், போன வாரம் சிமெண்டுத் தொட்டியில். புழு இருக்கிற வீட்டுக்கு வாரா வாரம் வந்து பார்க்கவேண்டும் என்பது அவளுக்கு உத்தரவு.

இளமாறன் டயரைத் தூக்கி எறிந்தான், தட்டைக் கவிழ்த்தான், தொட்டியைத் தேய்த்துக் கழுவினான். “மீனு இருக்கிற வூட்ல கொசு ஜாஸ்தியாத்தான் இருக்கும்” என்று அப்பா முடிவு கட்டிவிட்டார். “மீனு புழுவத் துண்ணும்ப்பா” என்று அவன் சொன்னது எடுபடவில்லை. மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு டிராக்டர் ஓட்டுகிற மனிதர். கொட்டுவேன் என்றால் கொட்டியே விடுவார்.

அதனால் நேற்று சாயங்காலம், யாரிடமும் சொல்லாமல், நாலு பெண் கப்பிகளைப் பிடித்துச் சிமெண்டுத் தொட்டியில் விட்டிருந்தான்.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. அருள்மொழி வந்துவிட்டாள். தோளில் பை, ஒரு கையில் டார்ச், இன்னொரு கையில் புழு எப்படி இருக்கும் என்று வீட்டுக்காரர்களுக்குக் காட்டுகிற சின்ன பாட்டில். அதில் நெளிந்ததைப் பார்த்ததுமே பச்சமுத்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வழக்கம்போல அவள் முதலில் கண்ணாடித் தொட்டிக்குத்தான் போனாள். “அந்த வயித்துக்காரி குட்டி போட்டுட்டாளாங்க?”

“முந்தாநேத்து போட்டுச்சுங்க. தாயே முழுங்கிடும்னு குட்டிங்களத் தனியா எடுத்து வச்சிருக்கேன்.”

“அடிப்பாவி, பெத்ததயேவா?” என்று சிரித்தாள். இளமாறனும் சிரித்தான். தன் மீன்களுக்கு எமனாக வந்து நிற்கிறவளோடு சேர்ந்து சிரிக்கிறோமே என்பது பிறகுதான் உறைத்தது.

அவள் கொல்லைப்பக்கம் போனாள். இளமாறன் கண்ணாடித் தொட்டியை விட்டு நகரவில்லை.

“ஐயா, இங்க வாங்க” என்று அவள் குரல் வந்தது. “சிமெண்டுத் தொட்டியில புழு இருக்குதுங்க.”

“கேட்டுக்கினியா?” என்று பச்சமுத்து மகனைப் பார்த்தார். மீன்களை அள்ள ஒரு பிளாஸ்டிக் குடத்தை எடுத்து அவன் கையில் திணித்தார். பிறகு மூக்குக்கண்ணாடியைச் சட்டைப் பையில் தேடி, டிவி மேல் தேடி, கடைசியில் தலையணைக்கு அடியில் கண்டெடுத்து மாட்டிக்கொண்டு கொல்லைக்கு நடந்தார். குடமும் கையுமாக இளமாறன் பின்னால் போனான்.

“எங்கமா புழு?”

அருள்மொழி டார்ச் அடித்தாள். தண்ணீரில் ஒன்றும் இல்லை. இன்னும் குனிந்து அடித்தாள். அடியிலிருந்து நாலு சாம்பல் மீன்கள் மேலே வந்து, இன்னும் ஏதாவது உண்டா என்பதுபோல வாயைத் திறந்து மூடின.

“இப்பதாங்க ஐயா... இருந்துச்சு.” அவள் குரல் உள்ளே போய்விட்டது.

“நேத்தே மீனு வுட்டுட்டேன்ப்பா. அதுங்க துண்ணுடுச்சு” என்றான் இளமாறன்.

பச்சமுத்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். “கண்ணாடி தேடறதுக்குள்ள முடிச்சிடுச்சுங்களே” என்றார். மீன்கள் மேல் அவருக்கு முதல் தடவையாக மரியாதை வந்திருந்தது. “செரி, ஆத்துல கொட்டவாணாம்.”

“ஆத்துல கொட்டறதா?” அருள்மொழி பதறிப்போய்க் கேட்டாள்.

“இன்னிக்குப் புழு இருந்தா எல்லாத்தையும் கொட்டிடறதுன்னுதாம்மா இருந்தேன். தப்பிச்சுதுங்க. நாலு புடிச்சுக்கினு போய் நம்ம மோட்டார் கொட்டாய் தொட்டியில வுடணும்” என்று சொல்லிக்கொண்டே தூக்குச் சட்டி தேட உள்ளே போனார்.

இளமாறனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூடவே ஒரு விஷயம் இடித்தது. கண்ணாடி தேடுகிற நேரத்துக்குள் தின்று தீர்க்கிற மீன்கள், நேற்று சாயங்காலத்திலிருந்து இதே தொட்டியில்தான் இருக்கின்றன. அப்படியானால் இவள் பார்த்தபோது மட்டும் புழு எங்கிருந்து வந்தது?

அவன் பார்வை அவள் கையிலிருந்த பாட்டிலுக்குப் போனது. அதில் ஈரம் மட்டும்தான் மிச்சம் இருந்தது.

“ஏங்க, பாட்டில்ல இருந்த புழுவெல்லாம் இன்னாங்க ஆச்சு?”

அருள்மொழி டார்ச்சை அணைத்தாள். மறுபடி போட்டு, மறுபடி அணைத்தாள். உள்ளே பாத்திரங்கள் உருளும் சத்தம் கேட்டது. பெரியவர் திரும்பி வருவதற்குள் சொல்லிவிடவேண்டும் என்பதுபோல, தரையைப் பார்த்துக்கொண்டு வேகமாகச் சொன்னாள்:

“புழு இல்லாத வூட்டுக்கு மாசத்துக்கு ஒரு தடவதாங்க வர முடியும்.”