யார் வழிச் சொந்தம்?

மகள் மாற்று இதயத்துக்காக ஆஸ்பத்திரியில் காத்திருந்தாள். அவளுக்குத் தைரியம் சொல்ல வரும்படி அம்மா எல்லோரையும் அழைத்திருந்தாள். மாலையானால் சொந்தங்களும் நண்பர்களும் அறையை நிறைத்தார்கள்.

தாடிக்காரர் ஒருவரும் சில நாளாக வந்து மூலை நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அவர் உங்க சித்தப்பாவா?" என்று அம்மா அப்பாவிடம் கிசுகிசுத்தாள்.

"உன் மாமான்னுல்ல நினைச்சு நான் தினமும் காபி வாங்கிக் கொடுத்துட்டு இருக்கேன்!" என்றார் அப்பா.

தாடிக்காரர் மகளிடம் மட்டுமே பேசினார்.

"உனக்கு இருட்டுன்னா பயமாம்மா?"

"ம்ஹூம். லைட்டை அணைச்சாத்தான் எனக்குத் தூக்கமே வரும், மாமா."

"ரொம்ப நல்லது" என்று பெருமூச்சு விட்டு எழுந்து போனார்.

மறுநாள் மாலை டாக்டர் வேகமாக வந்தார். "இதயம் கிடைச்சாச்சு. குழந்தையைத் தயார் பண்ணணும்."

அறையே கைதட்டியது. தாடிக்காரர் மட்டும் அசையவில்லை.

"நீங்க... யார் வழிச் சொந்தம்?" என்று அம்மா கேட்டே விட்டாள்.

"இனிமேதாம்மா சொந்தம். என் பொண்ணு மேல்மாடியில இருக்கா. மூளை செத்துப் போச்சுன்னு சொல்லிட்டாங்க. இங்க ஒரு குழந்தை காத்திருக்குன்னு கேள்விப்பட்டேன். பார்க்காம கையெழுத்துப் போட மனசு வரல. இப்பதான் போட்டுட்டு வரேன்."

கட்டிலருகே குனிந்தார். "அவளுக்கு இருட்டுன்னா பயம், கண்ணு. உள்ள வந்ததும் கொஞ்சம் பேச்சுக் கொடு."

மகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நேத்து ராத்திரியே வந்து கேட்டுட்டா, மாமா. சரி, வான்னு சொல்லிட்டேன்."