எட்டாவது ஆமா

புதுக்குடியிருப்பின் சமூகக்கூடத்தில் வில்லுப்பாட்டு வகுப்புக்கு அன்று கடைசி நாள். பாட்டுக்குத் தலைமை தாங்கும் அண்ணாவி ஒரு கறுப்புப் பெட்டி. அரசுக் கோப்புகளைப் படித்து அது கதை கட்டிப் பாடும். வெள்ளத்தில் ஊரை இழந்த எட்டுப் பேரும் வரிக்கு வரி ‘ஆமா’ போட வேண்டும். ஒரு குரல் குறைந்தாலும் தேர்ச்சி இல்லை; தேர்ச்சி இல்லாமல் யாருக்கும் வீட்டுச் சாவி இல்லை.

“மழை பெருக, அணை நிறைய, மதகு தானே திறந்ததம்மா!” என்று பெட்டி பாடியது.

ஏழு பேர் ஆமா போட்டார்கள். பிரம்மசக்தி வாய் திறக்கவில்லை. அந்தத் தண்ணீரில்தான் அவள் புருஷன் போனான். வயலில் நின்றவனுக்கு எச்சரிக்கையாக ஒரு சங்குகூட யாரும் ஊதவில்லை.

பெட்டி அதே வரியை மறுபடி பாடியது. மறுபடியும் ஏழு.

“ஏட்டி, சொல்லித் தொலையேன்,” என்று குடம் அடித்துக்கொண்டிருந்த முப்பிடாதி பல்லைக் கடித்தாள். “ஒத்த வார்த்ததான? எம்புள்ளைய இன்னும் எத்தன மாசம் தகரக் கொட்டாய்ல போட்டு வைக்க?”

மூன்றாம் முறை வரி வந்தபோதுதான் பிரம்மசக்திக்கு உறைத்தது. ஆமா போடுகிறவர்கள் கதைக்கு நடுவே கேள்வியும் கேட்கலாம். கேட்டால் பாடுகிறவர் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

“மதகு எப்படித் தானாத் தொறக்கும் அண்ணாவி? யாரு தொறந்தா?”

பெட்டி மறுபடி பழைய வரியையே எடுத்தது.

முப்பிடாதியின் கை குடத்தின் மேல் அப்படியே நின்றது. அவள் பிரம்மசக்தியை முறைத்துப் பார்த்தாள். பிறகு ஓங்கி ஓர் அடி போட்டாள்.

“கேக்காள்லா, சொல்லும்வே! யாரு தொறந்தா?”

மற்ற ஆறு பேரும் அந்தக் கேள்வியை ராகத்தோடு பிடித்துக்கொண்டார்கள். சாவிக்கொத்தோடு வாசலில் காத்திருந்த அதிகாரி வந்த வழியே திரும்பி நடந்தார். முப்பிடாதியும் அதைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இன்னும் ஓங்கி அடித்தாள்.