ஆர்ப்பாட்டத்துக்குக் கெளம்புன வண்டி

நல்லுசாமி காட்டுல பருத்தி வெடிச்சு வெள்ளையா நிக்குது. மேக்க வானம் கருத்துக்கிட்டு வருது. இந்த நேரம் பாத்து, பஞ்செடுக்க ஆள் கூட்டியார்ற சிந்தாமணி கூலிய ஏத்திக் கேட்டா அவருக்குப் பத்திக்கிட்டு வராதா?

"முந்நூறுக்கு மேல ஒத்த ரூவா கெடையாது. நூறு நாள் வேல வந்ததுலேருந்து ஒங்களுக்கெல்லாம் ஒடம்பு வளையல."

"எண்ணெ விக்கிற வெலைக்கு முந்நூறு எந்த மூலைக்குண்ணே? நானூறு இல்லாம ஒருத்தியும் காட்டுல எறங்க மாட்டா."

போன் அடிச்சது. ஒன்றியச் செயலாளர். நல்லுசாமி கட்சியில கிளைச் செயலாளர் ஆச்சே, எந்திரிச்சு நின்னுதான் பேசுவாரு.

"நாளைக்கு அரியலூர் பஸ் ஸ்டாண்டு முன்னாடி ஆர்ப்பாட்டம். ஒரு வண்டி பொம்பளைங்கள ஏத்திட்டு வா. தலைக்கு நானூறு நீ குடுத்துரு. போட்டோ அனுப்பு, பணத்த நான் தந்துடுறேன்."

"எதுக்குண்ணே ஆர்ப்பாட்டம்?"

"விவசாயக் கூலிய ஏத்தணும்னுதான்."

போனை வச்சவரு வானத்தப் பாத்தாரு, சிந்தாமணியப் பாத்தாரு. சிரிப்பு வந்துருச்சு.

"நாளைக்கு ஆர்ப்பாட்டம். தலைக்கு நானூறு. எல்லாரையும் கூட்டியாந்துரு சிந்தாமணி."

காலைல குட்டியானை வண்டி கொடி கட்டிக்கிட்டு கெளம்புச்சு. ரெண்டே திருப்பம். நேரா நல்லுசாமி காட்டுல போய் நின்னுச்சு.

"அரியலூரு இம்புட்டு கிட்டக்க வந்துருச்சாண்ணே?"

"வாயடிக்காத. கொடியத் தூக்கிப் புடிங்க, ஒரு போட்டோ. அப்புறம் பஞ்சு எடுங்க."

"நானூறுன்னு சொல்லித்தான் ஏத்துனீங்க."

"இல்லன்னா சொன்னேன்?"

கட்சிப் பணம். அவருக்கு என்ன நோவுது?

சாயங்காலம் பஞ்சு பூரா வூட்டுக்குள்ள. கூலியும் குடுத்தாச்சு. அப்புறம்தான் மழை வந்துச்சு. பின்னாடியே போனும் வந்துச்சு.

"ஏய்யா, ஆர்ப்பாட்டம்னு போட்டோ அனுப்புற, பின்னாடி பருத்திச் செடி நிக்குது?"

"அண்ணே, அது வந்து..."

"எல்லாக் கிளைக்காரனும் இதத்தான்யா அனுப்பிருக்கான். பஸ் ஸ்டாண்டுல நானும் மைக் செட்டுக்காரனும்தான் நின்னோம். ஒரு பைசா வராது."

தலைக்கு நானூறுன்னு குடுத்ததெல்லாம் எவ்வளவுன்னு வெரல் விட்டு எண்ணுனாரு நல்லுசாமி.

விடிஞ்சதும் பக்கத்துக் காட்டுக்காரங்க வாசல்ல நிக்கிறாங்க.

"நீ நானூறு குடுத்தியாமே. இப்ப ஊர் பூரா அதுக்குக் கொறஞ்சு எவளும் வர மாட்டேங்குறா. நல்லாயிருப்பியாய்யா?"

பதில் சொல்றதுக்குள்ள திரும்ப போன். இந்தத் தடவ செயலாளர் கொரல்ல ஒரே சந்தோசம்.

"யோவ், ஒங்க ஊர்ல கூலி ஏறிடுச்சாமே. 'போராடி வென்ற நல்லுசாமி'ன்னு ஒன் படத்தப் போட்டு போஸ்டர் அடிக்கச் சொல்லிட்டேன். செலவு ஒன்னோடது."