மூன்றே வாய்

"என்னண்ணே, மூணு வாயிலயே இலைய மூடிட்டீங்க? கறி சரியில்லையா?"

சாந்தமேரி பதறிப்போனாள். அவள் மகள் விவியனைத் தம் மகன் ரயனுக்குப் பெண் கேட்டு, கிள்ளானிலிருந்து வந்திருந்தார் லியனார்ட். அவருக்காகவே கேரி தீவு வரை ஆளனுப்பி நண்டு வாங்கி, விடிந்ததிலிருந்து அடுப்படியில் வெந்திருந்தாள்.

"கறி அருமைம்மா. போதும்."

"அதெப்படி? இன்னும் ஒரு கரண்டி..."

கரண்டியோடு நீண்ட கையை விவியன் பிடித்துக்கொண்டாள். "விடுங்கம்மா. வற்புறுத்தாதீங்க."

சாந்தமேரி மகளைச் சமையலறைக்குள் இழுத்துப் போனாள்.

"அறிவிருக்கா உனக்கு? பொண்ணு வீட்டுல கை நனைச்சவரு பாதியில எழுந்தா என்ன அர்த்தம்? சம்பந்தம் வேணாம்னு அர்த்தம்! ஏற்கெனவே இந்த பிரிக்பீல்ட்ஸ் ஃபிளாட்ல லிஃப்ட் கெட்டு, மனுஷன நாலு மாடி ஏற வச்சாச்சு. தானா தேடி வந்த நல்ல இடம், நீயே கெடுத்துராத!"

"அப்படியெல்லாம் இல்லம்மா."

"பின்ன ஏன் சாப்பிடல? சொல்லு!"

விவியன் அம்மா கையிலிருந்த கரண்டியை வாங்கிக் கழுவத் தொடங்கினாள். ஆஸ்பத்திரி வேலைக்குப் போய் நாலு பேரோடு பழகியும் விருந்தாளியை உபசரிக்கத் தெரியவில்லையே என்று சாந்தமேரிக்கு அழுகையே வந்துவிட்டது.

"பிள்ளைய திட்டாதீங்க." சமையலறை வாசலில் லியனார்ட் நின்றார். "முன்ன நான் கட்டில்ல இருந்து எழுந்திரிக்கவே ரெண்டு பேர் வேணும். அவ்வளவு உடம்பு. வயித்த சின்னதாக்கி, குடல மாத்தித் தைச்சு பைபாஸ் ஆப்பரேஷன் பண்ணாங்க. இப்ப இவ்வளவுதான் இறங்கும். லிஃப்ட் கெட்டுப்போச்சுன்னு நீங்க வருத்தப்பட்டீங்க. எனக்கு சந்தோஷம் லா! நாலு மாடி, யார் கையையும் பிடிக்காம ஏறிட்டேன்!"

சொல்லும்போதே அவர் நெஞ்சு நிமிர்ந்தது. சாந்தமேரிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"பாத்தியாடி, இது தெரியாம உன்னைப் போட்டுத் திட்டிட்டேன்."

"உங்களுக்குத்தான் தெரியாது. அவளுக்கா தெரியாது?" லியனார்ட் சிரித்தார். "ஆப்பரேஷனுக்கு அப்புறம் எப்படிச் சாப்பிடணும்னு எனக்குச் சொல்லிக் குடுத்த டயட்டீஷியனே உங்க பொண்ணுதான், சம்பந்தியம்மா! பெத்த தாய் திட்டினப்பகூட பேஷண்ட் ரகசியத்த வெளிய விடல, பாத்தீங்களா? இவளத் தேடித்தானே படியேறி வந்தேன்!"